ஆளில்லாத தெருவில் ஒரு குடை

இரவெல்லாம் மழை பெய்து விடியும் நேரத்தில் விட்டிருந்தால், அன்றைக்கு மலீஹாவை வீட்டில் பிடிக்க முடியாது. பள்ளிவாசலில் சுபுஹு பாங்கு சொல்லி முடித்ததும் துப்பட்டாவை இறுக்கிச் சுற்றிக்கொள்வாள். கேமராவைப் பாலிதீன் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்வாள். ஸ்கூட்டியைத் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் அங்கேதான் கிளப்புவாள். தம்பி குடும்பத்தின் தூக்கம் கெடக் கூடாதே என்பது ஒரு காரணம். ‘எங்கேம்மா போறே?’ என்று கேட்க வேண்டிய ஒருவர் கேட்கப்போவதில்லை, அந்த மௌனத்தைத் தாண்டிப் போக மனசு வராது என்பது இன்னொரு காரணம்.

அந்த நேரத்துச் செங்கல்பட்டு பஜாரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பகலில் தோளை இடிக்காமல் நடக்க முடியாத தெரு, அப்போது துடைத்து வைத்த தட்டு மாதிரி காலியாகக் கிடக்கும். துணிக்கடை வாசல் பொம்மைகளுக்குக்கூட தூசிக்குப் பயந்து போர்வை போர்த்தியிருப்பார்கள். ரோட்டில் தேங்கிய ஒரே குட்டையில் மூன்று வெளிச்சம் கிடக்கும்: தெருவிளக்கின் மஞ்சள், மருந்துக்கடைப் பலகையின் பச்சை, இன்னும் வெளுக்காத வானத்தின் நீலம். மூன்றும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும், ஆனால் கலக்காது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மலீஹாவுக்குத் தன் வீடு ஞாபகம் வரும்.

மலீஹாவுக்கு முப்பத்தாறு வயது. பஜாரில் நாற்பது வருஷமாகக் கண்ணாடிக்கடை வைத்திருக்கும் ஜெயினுலாபுதீனின் மூத்த மகள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்குத்தான் வருவாள். சுவரில் சாய்த்து வைத்த கண்ணாடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். நிமிர்ந்தால் பத்துப் பதினைந்து மலீஹாக்கள் பென்சிலைக் கடித்துக்கொண்டிருப்பார்கள்.

“இத்தினி மலீஹாவுக்கும் பிரியாணி போட்டா நான் ஓட்டாண்டியாப் பூடுவேன்” என்பார் அத்தா.

அவருக்குக் கண்ணாடி பிடிக்கும், படம் பிடிக்காது. கல்யாண வீட்டில் போட்டோக்காரர் வந்தால் மெல்ல நழுவி சமையல் பந்தலுக்குப் போய்விடுவார். அரசாங்கம் கேட்டதற்காக எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படத்தைத் தவிர அவருக்கு வேறு படமே கிடையாது. “கண்ணாடியில தெரியறது நாம நகந்தா கூடவே பூடும், அதுல பாவம் இல்ல. படம் அப்டியா? நாம போனாலும் அது நின்னுக்கினு கீது” என்பது அவர் கொள்கை. வந்தவாசிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் எல்லோரும் செல்ஃபி எடுத்துத் தள்ளும் காலத்திலும், அவர் யாரையும் தடுத்ததில்லை. தான் மட்டும் விலகி நிற்பார்.

மலீஹா கல்யாணமாகிக் கடப்பாக்கத்துக்கு வாழப் போனாள். பதினோரு மாதத்தில் ஒரு பெட்டியோடும் ஓயாத அழுகையோடும் திரும்பி வந்தாள். அப்போது அம்மா ஷரீபுன்னிசாதான் ஒரு வண்ணப் பெட்டியை வாங்கி மடியில் வைத்தாள். “அழுவறதுன்னா அழு. ஆனா கைய சும்மா வச்சிக்கினு அழாதே” என்றாள். அன்று பிடித்த தூரிகை இன்றுவரை கையை விட்டுப் போகவில்லை. பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அச்சடித்துக் கொடுக்கும் கடையில் அவளுக்கு வேலை. காலை எட்டே முக்கால் மின்சார ரயிலில் போவாள், மாலையில் திரும்புவாள். மீதி நேரமெல்லாம் வீட்டின் பின்பக்க அறை, ஆயில் பெயிண்ட் வாசனை, தெருக்கள்.

அவள் வரையும் தெருக்களைப் பார்த்தால் போட்டோ என்றே சத்தியம் செய்வீர்கள். ஈர ரோட்டில் தலைகீழாக விழுந்த கடைப்பலகையின் எழுத்து, ஆட்டோவின் பக்கக் கண்ணாடியில் வளைந்த மின்கம்பி, ரயில் ஜன்னலில் உள்விளக்கும் வெளிவானமும் ஒன்றின் மேல் ஒன்று படிந்த கோலம், எல்லாம் அப்படியே இருக்கும். தம்பி ஷபீருக்கு இது தீராத வேடிக்கை.

“ஏங்க்கா, அதான் போட்டோவே கீதே! அத்தயே பாத்து ஆறு மாசம் ஒக்காந்து வரையறியே, இன்னா லாபம்?”

“போட்டோ அந்தத் தெருவ ஒரு செகண்டு தாண்டா பாத்துச்சி. நான் ஆறு மாசம் பாக்கறேன்” என்பாள் மலீஹா.

அவள் வேலை செய்யும் முறையே தனி. போட்டோவைப் பொத்தேரிக் கடையில் பெரிதாக அச்சடித்து, அதன்மேல் பென்சிலால் அங்குலத்துக்கு ஒரு கட்டம் போடுவாள். கேன்வாஸில் அதே கட்டம் நான்கு மடங்கு பெரிதாக இருக்கும். பிறகு இரண்டையும் தலைகீழாக மாட்டுவாள்! போட்டோவின் மேல் கறுப்புச் சார்ட் பேப்பரை மூடி, அதில் ஒரே ஒரு கட்டம் தெரிய ஓட்டை வெட்டியிருப்பாள். கேன்வாஸிலும் முடிந்த கட்டங்களை மூடிவிடுவாள். ஒரு நாளைக்கு ஒரு கட்டம். ‘இது கதவு’ என்று தெரிந்துவிட்டால் கை தனக்குத் தெரிந்த கதவைப் போட்டுவிடும். என்னவென்றே தெரியாமல் இங்கே கொஞ்சம் சாம்பல், அங்கே ஒரு சொட்டு மஞ்சள் என்று கண் சொன்னதை மட்டும் வைத்தால்தான் வெளிச்சம் பொய் சொல்லாது. கடைசிக் கட்டமும் முடிந்த பிறகுதான் பேப்பரை எடுத்து, கேன்வாஸை நிமிர்த்தி, அவளே முதல் தடவையாக முழுப்படத்தையும் பார்ப்பாள்.

அவள் படங்களில் மனிதர்களே இருக்க மாட்டார்கள். மாமல்லபுரத்தில் கடற்கரை ரோட்டோரம் ஒரு பழைய வீட்டைக் கண்காட்சிக்கூடமாக நடத்தும் சிநேகாவுக்கு அதுதான் பெரிய வியப்பு. “நகரத்தோட தனிமையை எவ்ளோ ஆழமா சொல்றீங்க!” என்று கையைப் பிடித்துக்கொள்வாள். மலீஹா புன்னகைத்து வைப்பாள். தனிமையும் இல்லை, தத்துவமும் இல்லை. அது ஒரு சண்டை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா மவுத்தானாள். மூன்றே நாள் காய்ச்சல். மலீஹா ராவும் பகலும் உட்கார்ந்து, நினைவிலிருந்தே அம்மாவின் முகத்தை வரைந்தாள். நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வந்தவர்கள் பார்க்கட்டும் என்று கூடத்தில் மாட்டினாள். அத்தா தொழுதுவிட்டு வந்தார், பார்த்தார், அத்தனை பேருக்கும் முன்னால் அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். மலீஹாவுக்கு உலகமே இருண்டது.

“தூசி தொடைக்கற மாதிரி எங்கம்மாவ தொடச்சிட்டீங்க இல்ல? இனிமே மனுஷ மூஞ்சியே வரைய மாட்டேன். போதுமா?” என்று வீடே அதிரக் கத்தினாள்.

“போதும்” என்றார் அத்தா.

அவர் அவளிடம் நேருக்கு நேர் பேசிய கடைசிச் சொல் அது. அந்தப் படம் என்ன ஆனது என்று அவளும் கேட்கவில்லை, கிழித்திருப்பார் என்றே நினைத்தாள். அதற்குப் பிறகு எல்லாம் தூது வழியாகத்தான். “ஹனியா, ஒங்க அக்காவாண்ட சொல்லும்மா, வண்டி பின் டயர்ல காத்து இல்ல.” அக்கா இரண்டடி தள்ளித்தான் நிற்பாள். “மாமாகிட்ட சொல்லு, சாயங்காலம் அடிச்சிக்கறேன்னு.” தம்பி மனைவி ஹனியா நடுவில் நின்று இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பி, “எனுக்கு கழுத்து சுளுக்கிக்கிச்சிப்பா, ஒங்க ரெண்டு பேரால” என்பாள். ஒரு நாள் வீட்டில் யாருமே இல்லை. அத்தா சுற்றும் முற்றும் பார்த்தார். “ஏய் பூனை, சாவி ஆணியில கீதுன்னு சொல்லு” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். மலீஹா அன்று சிரித்தாள். சிரித்து முடித்ததும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

இந்த வருஷம் சிநேகா, மலீஹாவின் படங்களுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தாள். ஒன்பது தெருக்கள். நடுச்சுவருக்கு என்று ஒரு பெரிய படம் வேண்டும். அதற்காக மலீஹா பஜாரில் புதிதாக வந்திருந்த பாத்திரக்கடையை எடுத்துக்கொண்டாள். அந்தக் கடைக்கு ஷட்டர் உள்பக்கம், வெளியே தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடி. மழை விட்ட ஒரு காலையில் எடுத்த போட்டோ. கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கி வைத்த எவர்சில்வர் குடங்கள், கண்ணாடி மேலே எதிர்ச்சாரிக் கடைகளின் பிரதிபலிப்பு, கீழே ஈர ரோடு. ஏழு மாதம் உழைத்தாள்.

கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது கடைசிக் கட்டம் முடிந்தது. பேப்பரை எடுத்து, ஹனியாவைத் துணைக்குக் கூப்பிட்டு, கேன்வாஸை நிமிர்த்தினாள். அறை சின்னது. முழுசாகப் பார்க்கப் புழக்கடைக்குத்தான் போக வேண்டும். இரண்டு பேரும் துணி உலர்த்தும் கொடிக்கு அடியில் நின்று, திறந்த கதவு வழியே பார்த்தார்கள். குடங்கள் பளபளத்தன. குட்டையில் மஞ்சள் மிதந்தது.

“இன்னாக்கா இது, மாமாவ போட்டுக்கீறே!” என்றாள் ஹனியா.

“எந்த மாமா?”

“எந்த மாமாவா? எனுக்கு எத்தினி மாமா? அதோ, கண்ணாடியில நிக்கறாரு பாரு.”

மலீஹா பார்த்தாள். பார்த்தவள் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

எதிர்ச்சாரி டீக்கடைத் தாழ்வாரத்துக் கம்பம் என்று அவள் நினைத்திருந்தது கம்பம் இல்லை. போட்டோவில் கறுப்பு இழுப்பாகத் தெரிந்தது, நான்கு மடங்கு பெரிதானதும் ஓர் ஆளாக எழுந்து நின்றது. பக்கவாட்டில் திரும்பிய ஓர் உருவம். வெள்ளைத் தொப்பி. சாம்பல் ஸ்வெட்டர். முகம் இருந்த இடத்தில் இரண்டே இரண்டு தூரிகைத் தடவல்கள், கண் இல்லை, மூக்கு இல்லை. ஆனால் முதுகில் ஒரு குடை தொங்கியது. குடையின் வளைந்த பிடியைச் சட்டைக் காலரின் பின்பக்கம் மாட்டித் தொங்கவிடும் பழக்கம் அந்தத் தெருவிலேயே ஒருவருக்குத்தான் உண்டு. கண்ணாடிப் பலகையைத் தூக்க இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும் என்பதற்காக இளவயதில் பழகிக்கொண்டது.

கட்டம் கட்டமாக, தலைகீழாக, என்னவென்று தெரியாமலே, பல நாள் அவள் தன் அத்தாவை வரைந்திருக்கிறாள்!

“விடிகாலையில அங்க இன்னா வேல இவருக்கு?” என்றாள் ஹனியா. சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். முகம் மாறியது. “அக்கா... திட்டாத. மூணு வருஷம் முன்னாடி பஸ் ஸ்டாண்டாண்ட எவனோ குடிச்சிட்டு ஒன்னாண்ட வம்பு பண்ணான்னு என்கிட்ட சொன்ன இல்ல? நான் மனசு கேக்காம மாமாகிட்ட சொல்லிட்டேன்.”

மறுநாள் மழையே இல்லை. இருந்தாலும் மலீஹா விடிகாலையில் பஜாருக்குப் போனாள். நகராட்சித் துப்புரவுப் பணியாளர் செங்கம்மாள் அந்த ரோட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தார். வருஷக்கணக்கில் முகப்பழக்கம், பேசியதில்லை.

“இன்னாம்மா, காஞ்ச ரோட்ட புடிக்க வந்துட்ட?” என்றார் செங்கம்மாள்.

மலீஹா தயங்கித் தயங்கிக் கேட்டாள். குடையைக் காலரில் மாட்டிய ஒரு பாய் இந்தப் பக்கம் வருவாரா?

செங்கம்மாள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சிரித்தார். “ஒங்க நைனாவ என்கிட்ட கேக்கறியா? நல்லா கீது கத. நீ வர்ற அன்னிக்கெல்லாம் அவரும் வருவாரு. நீ இந்தச் சைடு, அவரு அந்தச் சைடு. நீ கேமராவ திருப்புனா அவரு தூணுக்கு பின்னால பூடுவாரு. நானே கேட்டேன், ‘இன்னா பாய், பெத்த பொண்ணாண்ட போய்ப் பேசறதுதான?’ன்னு. ‘ஆளில்லாத தெருவுன்னு அவ புடிச்சிக்கினு கீறா. நடுவுல நான் வந்து உயுந்தா அவ படம் கெட்டுடும்மா’ன்னாரு. நீ வண்டிய எடுத்தப்பறம் தான் நடப்பாரு.”

மலீஹா எதிர்ச்சாரியைப் பார்த்தாள். தாழ்வாரத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம் மட்டும் தேய்ந்து பளிச்சென்று இருந்ததுபோல் அவள் கண்ணுக்குத் தோன்றியது. மூன்று வருஷம். எத்தனை மழை! கேமராவின் கண்ணில் படாமல் ஒவ்வொரு தடவையும் பார்த்துப் பார்த்து ஒதுங்கிய மனிதர், ஒரு தடவை மட்டும் ஏமாந்துவிட்டார். எதிரே இருந்த கண்ணாடியை மறந்துவிட்டார். நாற்பது வருஷம் கண்ணாடி விற்றவர்! அதிலும் அந்தப் பாத்திரக்கடைக் கண்ணாடி, அவர் கடையிலிருந்து, அவரே அளவெடுத்துப் போனது.

வீட்டுக்கு வந்து படத்தின் முன் உட்கார்ந்தாள். இனி என்ன செய்வது? படமே வேண்டாம் என்று வாழ்நாள் முழுவதும் விலகி நின்றவரைச் சுவரில் மாட்டி, முன்பின் தெரியாதவர்கள் வேடிக்கை பார்க்க விடுவதா? அது அவருக்குச் செய்யும் துரோகம். போதாததற்கு, மனித முகம் வரைய மாட்டேன் என்று தானே கத்திய கத்தல் வேறு. சாம்பல் நிறத்தைக் குழைத்தாள். நாலு இழுப்பு இழுத்தால் போதும், அத்தா மறுபடியும் கம்பமாகிவிடுவார். யாருக்கும் தெரியாது.

தூரிகை தொப்பி வரைக்கும் போயிற்று. அங்கே நின்றது.

‘எங்கம்மாவ தொடச்சிட்டீங்க இல்ல?’ என்று கத்தியவளின் குரல் அவள் காதிலேயே கேட்டது. இப்போது துடைக்கப்போவது யார்? தூரிகையை இறக்கினாள். சாம்பல் சொட்டு அவள் பாதத்தில்தான் விழுந்தது.

வேறு வழியில்லை. கேட்க வேண்டியவரிடம்தான் கேட்க வேண்டும். தூது இல்லாமல், பூனை இல்லாமல்.

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, பதினோரு மணிக்கு அத்தாவின் கடைக்குப் போனாள். எட்டு வருஷத்துக்குப் பிறகு அந்தப் படியை மிதிக்கிறாள். அத்தா மேசைமேல் ஒரு ஜன்னல் கண்ணாடியை வைத்து, கட்டரை இழுத்துக்கொண்டிருந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. நிமிர்ந்தவர் அவளைப் பார்த்ததும் வழக்கப்படி சுற்றும் முற்றும் பார்த்தார். சொல்லி அனுப்ப ஆளே இல்லை. சுவரில் சாய்ந்திருந்த கண்ணாடிகளில் மட்டும் பத்துப் பதினைந்து மலீஹாக்கள் நின்றார்கள்.

“அத்தா” என்றாள். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்குள் உயிர் போய் வந்தது. “நான் ஒங்கள வரைஞ்சிட்டேன். வேணும்னு இல்ல. பாத்திரக்கடக் கண்ணாடியில நீங்க உயுந்துட்டீங்க. எனுக்குத் தெரியாமயே வரைஞ்சிட்டேன். அழிக்கலாம்னு போனேன், முடியல. நீங்க அழின்னா அழிச்சிடறேன்.”

ஜெயினுலாபுதீன் அவளை நேராகப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் தெரிந்த மகளைப் பார்த்தார்.

“அந்தக் கண்ணாடிய நான்தானே குடுத்தேன்” என்றார் கண்ணாடியைப் பார்த்தபடியே. “மறந்தே பூட்டேன் பாரு.”

கட்டரைக் கீழே வைத்தார். பாதி வெட்டிய கண்ணாடியை அப்படியே விட்டுவிட்டுக் கடையை இழுத்துச் சாத்தினார். வீட்டுக்கு நடந்தார். மலீஹா நான்கடி பின்னால் நடந்தாள்.

படத்தின் முன்னால் அவர் நின்ற நேரத்தில் ஹனியா இரண்டு தடவை டீயைச் சுட வைத்துவிட்டாள்.

“மூஞ்சியே இல்லையே. அப்பறம் எப்டி நான்னு தெரிஞ்சிது?”

“குடை, அத்தா.”

தன் காலருக்குப் பின்னால் கையை விட்டுக் குடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. ஹனியாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மலீஹாவால் சிரிக்க முடியவில்லை. தீர்ப்புக்குக் காத்திருப்பவள்போல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஸ்க்ரூ ட்ரைவர் எட்து வா” என்றார் அத்தா. யாரிடம் என்று சொல்லவில்லை. மலீஹாதான் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அவர் தன் அறைக்குப் போனார். அங்கே சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று, அம்மா கல்யாணமாகி வந்த வருஷம் அவர் கையால் செய்தது. அதைக் கழற்றிக் கட்டிலில் குப்புறப் போட்டார். முதுகுப்பக்கம் அடித்திருந்த ப்ளைவுட்டின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பலகையை எடுத்தார்.

உள்ளே, பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, ஷரீபுன்னிசா இருந்தாள். ஒரு கீறல் இல்லை, ஒரு மடிப்பு இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் மகள் வரைந்த அதே முகம்.

“நான் தொடைக்கல” என்றார் அத்தா. “அன்னிக்கு வந்தவங்கள்ளாம் பாத்துட்டு, நல்லா கீது, மூக்கு சரியா வரல, கொஞ்சம் கறுப்பாப் பூட்சின்னு சொல்லிக்கினு நின்னாங்க. எம் பொண்டாட்டி மூக்கப் பத்தி ஊரு பேசறதா? எனுக்கு பொறுக்கல. படம் தப்புன்னு சொல்றவன் நானு. அத்தக் கூடத்துல வைக்கவும் முடியல, தூக்கிப் போடவும் மனசு இல்ல. தினோம் தாடி வார்றதுக்கு இந்தக் கண்ணாடியாண்ட வர்றேன் இல்ல... அவளுக்கு எதிர்க்கத்தான் நிக்கறேன். என் மூஞ்சி தெரியும், பின்னால அவ கீறா.”

மலீஹா மண்டியிட்டு அவர் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள். எட்டு வருஷக் கண்ணீர், அணை உடைந்த மாதிரி வந்தது. அவர் கை தயங்கித் தயங்கி அவள் தலைமேல் வந்து உட்கார்ந்தது. கண்ணாடித் தூள் அறுத்து அறுத்துக் காய்ப்பேறிய அந்தக் கை, இத்தனை வருஷமாக அதன் எடையை மறந்திருந்தாள்.

அழுது ஓய்ந்த பிறகு அவர் மறுபடியும் பெரிய படத்தின் முன் வந்து நின்றார்.

“அழிக்காத. நான் அங்க நின்னது நெசம். இல்லன்னு சொல்றதுதான் பொய்” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். “ஆனா சும்மா மாட்டாத. மேல கண்ணாடி போடு. நான் வெட்டித் தர்றேன். நின்னுக்கினே இருக்கற படத்துக்கு முன்னாடி நிக்காத ஒண்ணு இருக்கட்டும். பாக்க வர்றவன் மொதல்ல தன் மூஞ்சியப் பாக்கட்டும், அப்பறம் என்னப் பாக்கட்டும்.”

அந்த வாரம் முழுக்க அவர் வேறு வேலை எடுக்கவில்லை.

மாமல்லபுரத்தில் கண்காட்சி தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை மாலை, சிநேகா நடுச்சுவரின் முன் நின்று புலம்பித் தீர்த்தாள். “மலீஹா, ஆயில் பெயின்டிங்குக்கு யாராவது கண்ணாடி போடுவாங்களா? இந்தப் பக்கம் ஜன்னல், அந்தப் பக்கம் கடல். ஒரே பளபளப்பு! படமே தெரியலைன்னு எல்லாரும் சொல்றாங்க.”

“தெரியும். கொஞ்சம் நகந்து நின்னா தெரியும்” என்றாள் மலீஹா.

உண்மைதான். வந்தவர்கள் எல்லோரும் முதலில் தங்கள் முகத்தைப் பார்த்தார்கள். தலைமுடியைச் சரி செய்தார்கள். பிறகு ஒரு பக்கமாக நகர்ந்தார்கள். நகர நகர, தங்கள் பிம்பம் விலகிய இடத்தில், எதிர்ச்சாரித் தாழ்வாரத்தில் குடையோடு ஒருவர் நிற்பதைக் கண்டுபிடித்து, பேச்சை நிறுத்தினார்கள். அந்த மௌனத்தை மலீஹா ஒரு மூலையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ‘யாருங்க இவர்?’ என்று சிலர் கேட்டார்கள். அவள் பெயர் சொல்லவில்லை. ‘மழை நாள்ல வருவாரு’ என்று மட்டும் சொன்னாள்.

கூட்டம் கலைந்தது. கடைசி வெயில் ஜன்னல் வழியே சாய்ந்து விழுந்த நேரத்தில் அவள் தனியாகப் படத்தின் முன் வந்து நின்றாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அதற்குப் பின்னால் கூடத்தின் வாசல் தெரிந்தது. வாசலுக்கு வெளியே, படிக்கு எதிர்ப்பக்கம், புங்கமரத்தின் ஓரமாக ஒதுங்கி ஒருவர் நின்றார். வெள்ளைத் தொப்பி. முதுகில் குடை. ஷபீர் அழைத்து வந்திருக்க வேண்டும். உள்ளே வரவில்லை.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் மரத்துக்குப் பின்னால் போய்விடுவாரோ என்று பயம்.

“மலீஹா” என்று கூப்பிட்டார் அவர். எட்டு வருஷத்தில் முதல் முறையாகப் பெயர் சொல்லி. “மெதுவா பாத்துட்டு வாம்மா. அவசரம் இல்ல. நான் எதிர்க்க நிக்கறேன்.”

“எதிர்க்க வேணாம், அத்தா” என்றாள் அவள், கண்ணாடியைப் பார்த்தபடியே. “இப்டி பக்கத்துல வந்து நில்லுங்க.”

செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. காலடி கூடத்தைக் கடந்து வந்து அவள் தோளருகே நின்றது. கண்ணாடியில் இரண்டு பேர் தெரிந்தார்கள், உள்ளே மூன்றாமவர் மழை விட்ட தெருவில் நின்றார். அத்தா தன் உருவத்தையும் பார்க்கவில்லை, படத்தையும் பார்க்கவில்லை. முன்னால் குனிந்து, கண்ணைச் சுருக்கிக் கண்ணாடியை மட்டும் பார்த்தார். யாரோ ஒருவருடைய ஐந்து விரல் ரேகையும் அதில் அப்படியே பதிந்திருந்தது.

“ஒயுங்கா பாக்கத் தெரியாதா ஜனங்களுக்கு” என்று முணுமுணுத்துக்கொண்டே தோள் துண்டின் முனையை எடுத்தார். ஒரு தடவை வாயால் ஊதினார். பிறகு மெல்ல, மிக மெல்லத் துடைக்க ஆரம்பித்தார்.